பூச்சியம் கிலோமீட்டர் பறந்த வக்கீலம்மா

என் பெயர் அ. தெய்வசிகாமணி. தந்தையார் பெயர் அருணகிரி. வியாசர்பாடியில் பிறந்து, வியாசர்பாடியிலேயே வளர்ந்து, இந்த மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள வீட்டில் நாற்பதாண்டுக்கு மேலாகக் குடியிருப்பவன். நிறைந்த அகவை எழுபத்திரண்டு. 'நிறைந்த' என்ற சொல்லைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அடுத்த வாரம் எழுபத்து மூன்று நிறைகிறது. ஆனாலும் அந்த நாள் விடியும்வரை யார் கேட்டாலும் எழுபத்திரண்டு என்றே சொல்வேன். நிறையாததை நிறைந்ததாகச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

உட்காருங்கள், தம்பி. அந்த அளவு நாடாவை மட்டும் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுங்கள். மஞ்சளாக நீண்டு நெளிகிற எதைக் கண்டாலும் புறா மிரளும், இறங்காது. சூரியத் தகடு பொருத்த அளவெடுக்க வந்தீர்கள், எடுத்தாயிற்று, போய்விடலாம் என்று பார்க்கிறீர்கள். போகலாம். ஆனால் நாடா பதினொன்று புள்ளி ஏழு மீட்டர் என்று காட்டியது; தாங்கள் கைப்பேசியில் பதினொன்று என்று மட்டும் தட்டினீர்கள். பின்னால் நின்று பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "புள்ளிக்கு அப்புறம் வர்றத விட்ருவோம் சார்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்களை உட்கார வைக்கிறேன். புள்ளிக்கு அப்புறம் வருவதை விட்டதனால் சென்ற ஆண்டு ஒரு பருவம் முழுவதும் என் தூக்கம் கெட்டது.

பொறுங்கள். அதோ வடக்கே... இல்லை. காகம்.

இன்று காலை ஆறரை மணிக்கு ஓங்கோலுக்குச் சற்றுத் தெற்கே ஒரு ரயில்வே மைதானத்தில் எங்கள் மன்றத்துப் புறாக்களைத் திறந்துவிட்டார்கள். காற்று ஒத்துழைத்தால் பத்தரைக்கு மேல் ஒவ்வொன்றாக வந்து சேரும். இப்போது பத்து இருபது. என் கண் வானத்தில் இருக்கும், வாய் உங்களிடம் இருக்கும். தவறாக எண்ண வேண்டாம்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்றாண்டு மின்தூக்கி இயக்கியவன். லிஃப்ட் ஆபரேட்டர் என்பார்கள். ஸ்டூலில் அமர்ந்தபடியே படித்தேன். மேலே போகும்போது ஒரு பத்தி, கீழே வரும்போது ஒரு பத்தி. நாளிதழ், வார இதழ், யாரோ தூக்கியெறிந்த சட்டநூல், ஏதும் விட்டதில்லை. என் தமிழ் அச்சிலிருந்து வந்த தமிழ். ஓய்வு பெற்ற பிறகு பைத்தான் என்னும் கணினி மொழியையும் அவ்வாறே கற்றேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலில் முதல் நாற்பது பக்கங்கள் இல்லை. நாற்பத்தொன்றிலிருந்து தொடங்கினேன். அதனால் எனக்கு எவ்விதக் குறையும் நேர்ந்ததில்லை.

எங்கள் மன்றத்துக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதற்குமுன் செயலாளர் ஜாபர் பாய் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு மூன்று நாள் தட்டுவார். அவருக்கு மெத்தைக் கடை. எங்கள் கூட்டமெல்லாம் அந்தக் கடை மாடியில், விற்காத மெத்தைகளின் மேல்தான் நடக்கும். உறை பிரிக்காத மெத்தை. ஒருவர் கோபத்தில் நகர்ந்து உட்கார்ந்தால் பிளாஸ்டிக் கரகரவென்று ஊரைக் கூட்டும்.

புறாப் பந்தயத்தில் முதலில் வந்திறங்கும் புறாவே வென்றதாகாது. ஏனென்றால் ஒவ்வொருவர் மாடியும் ஒவ்வொரு தூரத்தில் இருக்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் பறந்தது என்று கண்டு, அதில் மிகுந்ததே முதலிடம். மைதானத்திலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் உள்ள தூரத்தை ஜாபர் பாய் அளந்து வைத்திருந்தார். கிலோமீட்டரில், புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கம். என் மாடிக்கு இருநூற்று அறுபத்திரண்டு புள்ளி பூச்சியம் மூன்று. எபிநேசரின் மாடிக்கு இருநூற்று அறுபத்தொன்று புள்ளி ஒன்பது ஆறு.

எபிநேசர் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர். நாற்பது வயதிருக்கும். நல்ல மனிதர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அங்கே சிவப்புத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா, தேவாலயக் கோபுரத்துக்கு இடப்புறம்? அது அவர் மாடி.

புள்ளி வைத்த எண்ணைக் கணினி மொழியில் மிதவைப் புள்ளி எண் என்பார்கள். அதை முழு எண்ணாக்க ஒரே ஒரு கட்டளை போதும். 'இன்ட்' என்று எழுதி அடைப்புக்குள் எண்ணைப் போட்டால், புள்ளியோடு சேர்த்து வாலை வெட்டி எறிந்துவிடும். வால் சிறியதா பெரியதா என்று பார்க்காது. இருநூற்று அறுபத்திரண்டு புள்ளி பூச்சியம் மூன்றும் இருநூற்று அறுபத்திரண்டுதான். புள்ளி ஒன்பது ஒன்பதும் இருநூற்று அறுபத்திரண்டுதான். நான் என் நிரலில் தூரத்துக்கு அந்த வெட்டை வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று கேட்கிறீர்கள். முடிவுத்தாளில் பத்திகள் கோணலாக வந்தன. புள்ளியும் வாலுமாக எண்கள் அடுத்த வரிக்கு வழிந்தன. அச்சில் அது அசிங்கம். அதைவிட முக்கியமாக, அது என் கொள்கை. மின்தூக்கி மூன்றாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு ஏறும்போது மேலேயுள்ள விளக்கு மூன்று என்றே காட்டும். முக்கால் பங்கு ஏறியிருக்கலாம்; கதவிடுக்கில் நான்காம் மாடித் தரையே தெரியலாம். விளக்கு அசையாது. அடைந்த பின்னரே நான்கு. முப்பத்து மூன்றாண்டு அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்தவன் நான். மூன்றேமுக்காலாம் மாடியில் எவருக்கும் கதவு திறந்ததில்லை.

இதை நான் மன்றத்தில் விளக்கியபோது எபிநேசர் கேட்டார். "ஏறும்போது சரிண்ணே. எறங்கும்போது? நாலுலருந்து ஒரு அடி எறங்குனா உடனே மூணுன்னு காட்டுமா?"

பொருத்தமற்ற கேள்வி. எங்கள் புறாக்கள் இறங்குவதைக் குறித்து அங்கே பேச்சே இல்லை.

அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகும் கட்டளையும் அம்மொழியில் உண்டு. 'ரவுண்ட்' என்பார்கள். அதை நான் சோதிக்காமல் ஒதுக்கவில்லை. இரண்டரையைக் கொடுத்தேன், இரண்டு என்றது. மூன்றரையைக் கொடுத்தேன், நான்கு என்றது. ஒரே அரை! ஒருவருக்குக் கீழே, ஒருவருக்கு மேலே! நடுவில் நிற்பதை இரட்டைப்படைப் பக்கமாகத் தள்ளுவது அதன் வழக்கமாம். இப்படி முகம் பார்த்துப் பேசும் ஒன்றிடம் பந்தயத்தை ஒப்படைக்க முடியுமா? வெட்டு அப்படியல்ல. அனைவருக்கும் ஒரே வெட்டு.

"ஏங்க! அந்தத் தம்பிக்கு டீ போடவா, இல்ல அவரு தப்பிச்சிட்டாரா?"

என் துணைவியார் சுலோச்சனா. கீழேயிருந்து கேட்கிறாள். போடு, போடு, சர்க்கரை குறைவாக!

சென்ற ஆண்டு தை மாதத்துப் பந்தயத்துக்கு வருகிறேன். இதே மைதானம், இதே தூரம். பந்தயத்துக்கு முந்தின மாலை ஒவ்வொரு புறாவின் காலிலும் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். உட்புறம் ஓர் இரகசிய எண் இருக்கும். புறா வந்து பொறிக்குள், அதாவது உட்புறமாக மட்டும் திறக்கும் கூண்டு வாசலுக்குள், நுழைந்ததும் வளையத்தைக் கழற்றி, எண்ணை என் நிரலுக்கு அனுப்ப வேண்டும். நேரத்தை அது தானே குறித்துக்கொள்ளும். பொறிக்குள் நுழைந்தால்தான் கணக்கு. தொட்டிமேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தால் கணக்கில்லை. எத்தனை பேர் அந்தத் தொட்டியை அண்ணாந்து பார்த்து அழுதிருக்கிறார்கள் தெரியுமா?

எபிநேசரிடம் ஒரு பெண் புறா. கருத்த உடல், கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. கறுப்பு அங்கி போட்டதுபோல் இருக்கும். அதனால் வக்கீலம்மா என்று பெயர். அன்று வக்கீலம்மா வந்து நேராகப் பொறிக்குள் நுழைந்தாள். அவளுக்கு நாற்பது நொடி கழித்து என் புறா நுழைந்தது. மற்றவையெல்லாம் வெகுநேரம் பின்தங்கிவிட்டன.

நிரல் முடிவைச் சொன்னது. தெய்வசிகாமணி, நிமிடத்துக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றேழு மீட்டர். எபிநேசர், ஆயிரத்துத் தொண்ணூற்றாறு. முதலிடம் எனக்கு. நான் ஒரு விசையைக்கூடக் கூடுதலாகத் தட்டவில்லை, தம்பி. இயந்திரம் சொன்னது, நான் அச்சிட்டேன். பத்திகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன.

மெத்தைக் கடை மாடியில் எபிநேசர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

"இன்னாண்ணே இது? என் பேர்டு முன்னாடி வந்துச்சு. உன் வூட்டுக்கும் என் வூட்டுக்கும் மைதானத்துலருந்து எழுபது மீட்டருதான் வித்தியாசம். எழுபது மீட்டரு போறதுக்கு உன் பேர்டுக்கு நாப்பது செகண்டா? நடந்தா வந்துச்சு?"

"எழுபது மீட்டர் அல்ல எபிநேசர். என் தூரம் இருநூற்று அறுபத்திரண்டு. உங்கள் தூரம் இருநூற்று அறுபத்தொன்று. ஒரு கிலோமீட்டர் வித்தியாசம்."

"அது நீ வெட்டுனதாலண்ணே! உனக்கு முப்பது மீட்டரு போச்சு. எனக்குத் தொள்ளாயிரத்தி அறுபது மீட்டரு போச்சு. இது ரெண்டும் ஒரே வெட்டா?"

"ஒரே கட்டளை. இருவருக்கும் ஒரே கட்டளை. வேண்டுமானால் நிரலைப் படித்துப் பாருங்கள்."

"சிகாமணி அண்ணே, கொஞ்சம் யோசிச்சி..." என்று ஜாபர் பாய் நகர்ந்து உட்கார்ந்தார். கரகரவென்றது. அதற்குமேல் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலிடம் பெற்றவர், இரண்டாமிடம் பெற்றவரின் கூண்டிலிருந்து தமக்கு விருப்பமான ஒரு புறாவைக் கேட்டு வாங்கலாம். தம் கூண்டில் ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுத்தபின் திருப்பித் தர வேண்டும். கேட்டால் மறுக்கக் கூடாது. தோற்றவர் தாமே தூக்கி வந்து கையில் கொடுக்க வேண்டும். நான் வக்கீலம்மாவைக் கேட்டேன். வேறு யாரைக் கேட்பேன்? வழக்கத்தைக் காப்பாற்றுவது வென்றவரின் கடமையும்கூட.

எபிநேசர் அவளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். இதோ, இந்தப் படியேறித்தான். கையில் கொடுக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "தண்ணியில கொஞ்சம் வெல்லம் போட்டா குடிப்பா. ஆம்பள இல்லாம தனியா இருந்தது இல்ல" என்றார். போய்விட்டார். அதன்பிறகு இரண்டு வாரம் மன்றத்துப் பக்கமும் வரவில்லை.

அவளைத் தனிக் கூண்டில் அடைத்தேன். அடைக்காமல் முடியாது. பந்தயப் புறாவைத் திறந்துவிட்டால் பிறந்த கூண்டுக்குத்தான் போகும். எத்தனை வேளை தீனி போட்டாலும் உங்கள் வீட்டை வீடென்று எண்ணாது. அவளுக்கு என் சிறந்த ஆண் புறாவைத் துணையாக விட்டேன். அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்குக் கம்பியோரமாக நடந்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை, அந்த முனையிலிருந்து இந்த முனை. நானும் மாடியில் நடந்தேன். நான் நிற்கும்வரை தீனியைத் தொடவில்லை. வெல்லத் தண்ணீரைத் தொடவில்லை. அது மட்டுமா? எபிநேசரின் வீட்டிலிருந்து அவளுடைய ஜோடி தினமும் காலையில் வந்து, இதோ இந்தத் தொட்டிமேல் உட்கார்ந்து, கூண்டைப் பார்த்துத் தொண்டையை உப்பிக்கொண்டு குமுறும். விரட்டினால் ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி வரும்.

"அந்தப் பொண்ணு பச்சத் தண்ணி பல்லுல படாம கெடக்குது. நீங்க நாலு தோச உள்ள தள்ளிட்டு வர்றீங்க" என்றாள் சுலோச்சனா.

"மூன்று தோசை."

"மூணே முக்கால். முக்கால உங்க கம்ப்யூட்டர் தின்னுடுச்சா?"

அவளுக்குக் கணினி தெரியாது.

பொறுங்கள். அந்தக் கோபுரத்துக்கு மேலே... பருந்து. பருந்து இருந்தால் எதுவும் இறங்காது. நல்ல நேரம் பார்த்து வந்தான் பாருங்கள்! கை தட்டாதீர்கள், தம்பி, தட்டாதீர்கள். போய்விடுவான்.

அடுத்த கூட்டத்துக்கு எபிநேசர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. இந்தமுறை அமைதியாக உட்கார்ந்தார். மெத்தைகூடச் சத்தம் போடவில்லை. மன்றமே கூடியிருந்தது.

"அண்ணே, சண்ட போட வரல. ஒரே ஒரு கணக்கு. உன் மெஷினு சொன்னா நான் ஒத்துக்கறேன். உன் வூட்டுக்கும் என் வூட்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்?"

கைப்பேசி வரைபடத்தில் அவரே காட்டினார். புள்ளி ஒன்பது நான்கு கிலோமீட்டர். மடிக்கணினியைத் திறந்து, அந்த எண்ணை என் நிரலில் இட்டேன்.

பூச்சியம் என்றது.

"சத்தமா சொல்லுண்ணே."

"பூச்சியம்."

"ஜீரோ கிலோமீட்டரு. அப்ப உன் வூடும் என் வூடும் ஒரே வூடு. சரியாண்ணே? வக்கீலம்மா இப்ப அவ வூட்லதான் இருக்கா. சரியா? அப்பறம் இன்னாத்துக்கு அடச்சி வச்சிகிற? கூண்டத் தொற. அவ எங்க போயிடப் போறா?"

மெத்தைகளெல்லாம் ஒரே நேரத்தில் கரகரத்தன. சிரித்தார்கள், தம்பி. மன்றம் முழுவதும் சிரித்தது. ஜாபர் பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முப்பத்து மூன்றாண்டில் என் மின்தூக்கிக்குள் ஒருவர்கூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. நான் எழுந்து நின்றேன். "திறக்கிறேன்" என்றேன். "என் நிரலில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உங்கள் பொறியருகே போய் நில்லுங்கள், எபிநேசர். அவள் காலில் வளையம் மாட்டி, முறைப்படி திறக்கிறேன். முறைப்படி நேரம் குறிப்போம்."

என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்களா? இரண்டு வாரமாக இங்கே இருக்கிறாள். என் கையால் தீனி வைத்தேன். தின்னாவிட்டாலும் வைத்தேன் அல்லவா? ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இங்கேயே இறங்குவாள் என்று நினைத்தேன். இறங்க வேண்டும் என்று நினைத்தேன்.

இதே இடத்தில் நின்று கதவைத் திறந்தேன். மடிக்கணினி அந்தத் துணி துவைக்கும் கல்லின்மேல் இருந்தது. சுலோச்சனா பக்கத்தில் நின்றாள். வக்கீலம்மா சற்றுநேரம் வாசலில் நின்று இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பினாள். பிறகு ஒரே எழும்பல். சுற்றவில்லை, தம்பி. வழக்கமாக எந்தப் புறாவும் ஒரு வட்டம் போட்டுத் திசை பார்க்கும். இவள் பார்க்கவில்லை. தொட்டிமேல் இருந்த அவளுடைய ஜோடியும் கூடவே எழும்பியது. இரண்டும் கோபுரத்தைத் தாண்டி, சிவப்புத் தொட்டிப் பக்கம் சரிந்து மறைந்தன.

நான் மடிக்கணினியைப் பார்த்தேன். எபிநேசர் வளைய எண்ணை அனுப்பிவிட்டார். நேரம் பதிவாகிவிட்டது. அதற்குக் கீழே நிரல் எழுதியது: தூரம் பூச்சியம். வேகம் பூச்சியம்.

உடனே கைப்பேசி ஒலித்தது. "வந்துட்டாண்ணே. தண்ணி குடிக்கிறா." அவ்வளவுதான் சொன்னார். நான் மடிக்கணினியை மூடினேன்.

மின்தூக்கி மூன்று மாடி ஏறிய பிறகும் விளக்கு அசையாமல் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவைச் சாத்தி, வெளியே ஒரு தகரப் பலகையைத் தொங்கவிட வேண்டும். 'பழுது. படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' அந்தப் பலகை ஓய்வு பெறும்போது எனக்கு நினைவுப் பொருளாகக் கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மெத்தைக் கடை மாடிக்குப் போய், முடிவுத்தாள் ஒட்டியிருந்த பலகையின்மேல் மாட்டினேன். ஜாபர் பாய், "இன்னாண்ணே, ரிசல்ட்டு தப்புன்றீங்களா?" என்றார். அப்படிச் சொல்லவில்லை. முடிவு தவறு என்று நான் எங்கும் சொல்லவில்லை. நிரல் பராமரிப்பில் இருக்கிறது என்றேன். இரண்டும் வேறு.

பராமரிப்பில் நான் கொள்கையை மாற்றவில்லை. கிலோமீட்டரை மீட்டராக்கினேன், அவ்வளவே. தூரத்தை ஆயிரத்தால் பெருக்கி, பிறகு வெட்டு. இனி எவர் வால் வெட்டுப்பட்டாலும் ஒரு மீட்டருக்குள்தான். முதலில் என் மாடியை இட்டுப் பார்த்தேன். இருநூற்று அறுபத்திரண்டு புள்ளி பூச்சியம் மூன்றை ஆயிரத்தால் பெருக்கினால் என்ன? பள்ளிப் பிள்ளை சொல்லும். இரண்டு இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்து முப்பது. இயந்திரம் என்ன சொன்னது தெரியுமா?

இரண்டு இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்து இருபத்தொன்பது.

என் ஒரு மீட்டரைக் காணவில்லை!

மூன்று முறை தட்டினேன். அணைத்து ஏற்றித் தட்டினேன். இருபத்தொன்பது. ஆராய்ந்தபோது தெரிந்தது. இயந்திரம் எண்களை இரண்டின் அடுக்குகளாகவே நினைவில் வைக்கும். புள்ளி பூச்சியம் மூன்று அதற்குச் சரியாகப் பிடிபடாது. ஒரு மயிரிழை குறைத்தே வைக்கும். பெருக்கினால் இரண்டு இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்து இருபத்தொன்பதும், புள்ளிக்குப்பின் வரிசையாக ஒன்பதுகளும் வரும். முப்பதின் வாசற்படியில் நிற்கிறது, தம்பி! கால் உள்ளே வைக்க வேண்டியதுதான் பாக்கி. அதைப் போய் இந்த 'இன்ட்' ஈவிரக்கமில்லாமல் வெட்டி, இருபத்தொன்பது என்கிறது. இது அநியாயம் இல்லையா? வந்து சேர்ந்த ஒருவனை வரவில்லை என்று சொல்லலாமா?

நேராக எபிநேசரின் பட்டறைக்குப் போனேன். ஒரு குளிர்பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார். வெளியே வரச் சொல்லி, எல்லாவற்றையும் விளக்கினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் விளக்கியிருப்பேன் போலும். எதிர்க்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு மீட்டருக்காண்ணே இவ்ளோ சவுண்டு?"

"ஒரு மீட்டர் என்று பார்க்காதீர்கள். நியாயம் என்று பாருங்கள். என் மாடி எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா, இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சொல்லணும்ணே. கண்டிப்பா சொல்லணும்" என்றார். பிறகு, "அந்த நாப்பது பக்கத்துல இது இருந்திருக்குமோ?" என்றார். எதற்காக அதைக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் நின்றபடியே குடித்தோம்.

வெட்டை எடுத்துவிட்டு, அருகிலுள்ள முழு எண்ணுக்குப் போகும் அந்தக் கட்டளையையே வைத்தேன். அதன்மேல் எனக்கிருந்த கருத்து மாறவில்லை. ஆனால் அது முகம் பார்ப்பதெல்லாம் சரியாக அரையில் நிற்பவர்களிடம் மட்டும். எங்கள் தூரங்களில் அரை வராது. எனவே அதற்கு வாலாட்ட இடமில்லை. என் முப்பது எனக்கு வந்தது. கூடவே எபிநேசரின் தொள்ளாயிரத்து அறுபதும் வந்தது. பழைய பந்தயத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, எபிநேசர் ஆயிரத்து நூற்றொன்று. நான் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அது என் திருத்தத்தின் பக்கவிளைவு.

வழக்கப்படி, வென்றவர் என் கூண்டிலிருந்து ஒன்றைக் கேட்கலாம். என் சிறந்த ஆண் புறாவைத்தான் கேட்பார் என்று அதைக் குளிப்பாட்டிக்கூட வைத்திருந்தேன். கூட்டத்தில் அவர் எழுந்து, "புறா வோணாம்ணே. அந்தத் தகரப் போர்டக் குடு. பட்டறையில மாட்டிக்கறேன்" என்றார். புறாவைக் கேட்டிருக்கலாம், தம்பி. ஆனாலும் கேட்டால் மறுக்கக் கூடாது. நானே தூக்கிக்கொண்டு போய்க் கையில் கொடுத்தேன். இப்போது அவர் பட்டறை வாசலில் தொங்குகிறது. குளிர்பெட்டி கொண்டுவருகிறவர்களெல்லாம் படிக்கட்டு எங்கே என்று கேட்கிறார்களாம்.

அசையாதீர்கள்.

அசையாதீர்கள், தம்பி. தொட்டிமேல். திரும்பிப் பார்க்க வேண்டாம். என் புறா. வந்துவிட்டது. ஆனால் பொறிக்குள் நுழையவில்லை, உங்களைப் பார்க்கிறது. புதிய ஆள் என்று பார்க்கிறது. நேரம் ஓடுகிறது. வந்தாயிற்று, ஆனால் வரவில்லை. இதைப்போலொரு கொடுமை உண்டா? மெதுவாகப் பேசுகிறேன். குரல் அதற்குப் பழக்கம். நான் பேசிக்கொண்டிருந்தால் பயப்படாது. கைப்பேசியை மட்டும் கையை உயர்த்தாமல் எடுங்கள். அந்தப் பதினொன்றை அழித்துவிட்டுப் பதினொன்று புள்ளி ஏழு என்று எழுதுங்கள். என் மாடி. என் எழுபது சென்டிமீட்டர். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உங்கள் மேலாளர் கேட்டால், இது முன்பே தீர்ந்துபோன வழக்கு என்று சொல்லுங்கள். இன்றைய நாளும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளட்டும். சோபகிருது ஆண்டு, மாசித் திங்கள் ஆறாம் நாள், ஆங்கிலத்துக்கு இரண்டாயிரத்து இருபத்து நான்கு பிப்ரவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல்.